அடியில் ஒரு சாக்பீஸ் குறி

காலை ஒன்பது நாற்பது. போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தவர்கள் ஒன்பது பேர். பட்டியலில் ஏழாவது பெயர் தவமணி சன்னாசி. தவமணி என் மனைவி. சன்னாசி நான்.

பெல்ட்டுக்காகக் கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி. அதற்குப் பதில் சொல்லத்தான் இதை ஆரம்பிக்கிறேன். பக்கத்து ஸீட்டுக்காரர் பெல்ட்டை இவன் ஏன் இழுத்துப் பார்க்கிறான் என்று உங்களுக்குத் தோன்றும். தோன்றட்டும். ஆனால் நான் இழுத்ததும் கொக்கி கையோடு வந்துவிட்டதே, பார்த்தீர்களா? நிற்கிற பஸ்ஸில் என் கையோடு வந்தது நல்லதா, ஓடுகிற பஸ்ஸில் உங்கள் உடம்போடு வந்திருந்தால் நல்லதா? யோசித்துப் பாருங்கள். ஈப்போ போய்ச் சேர மூன்று மணி நேரம் இருக்கிறது.

நான் கோலாலம்பூரில் செந்தூல் ரயில்வே பட்டறையில் முப்பத்தோரு வருஷம் இருந்தேன். பெட்டி சோதனைக்காரன். வண்டி கிளம்புவதற்கு முன்னால் சக்கரங்களைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே ஒருவன் போவானே, அவன்தான். நல்ல சக்கரம் மணி மாதிரி பேசும். விரிசல் விட்டது சப்பென்று, மண்சட்டி மாதிரி சொல்லும். தட்டி, இழுத்து, ஆட்டிப் பார்த்து, எல்லாம் சரியென்றால் பெட்டிக்கு அடியில் சாக்பீஸால் ஒரு குறி போடுவேன். அந்தக் குறி இல்லாமல் பெட்டி பட்டறையை விட்டு நகராது. டிரைவர் என் முகத்தைப் பார்க்கமாட்டான், குறியைத்தான் பார்ப்பான். முப்பத்தோரு வருஷத்தில் என் குறி விழுந்த ஒரு பெட்டியும் வழியில் நின்றதில்லை. காரணம் ஒன்றுதான். உடைகிறதெல்லாம் என் கையிலேயே உடைந்துவிடும். பட்டறைக்குப் புதிதாக வந்தவர்களிடமும் அதைத்தான் சொல்வேன். மெதுவாக இழுத்துப் பார்ப்பது சோதனை இல்லை, தடவிக் கொடுப்பது.

ரயில்காரன் எதற்குப் பஸ்ஸில் போகிறான் என்று கேட்காதீர்கள். ரயிலில் என்னால் உட்கார முடியாது. கீழே சக்கரம் பேசிக்கொண்டே வரும்.

தவமணி ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணியாக இருந்தாள். ஐம்பத்தோரு வயதில் அவளுக்கு உடம்பு சூடு ஆரம்பித்தது. மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தாலும் ரவிக்கை நனைந்துவிடும். அந்த வருஷம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஒரு பேரங்காடிக்குக் கூட்டிப் போனார்கள். உள்ளே சறுக்கி விளையாடுகிற ஐஸ் தரை இருக்கிறது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். துணைக்குப் போனவள் மூன்று மணி நேரம் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். வேர்க்கவில்லையாம். திரும்பி வந்து அதை மட்டும்தான் சொன்னாள். அடுத்த வாரம் தனியாகப் போனாள். அதற்கடுத்த வாரம் பாடத்தில் சேர்ந்துவிட்டாள்.

நான் தடுக்கவில்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். தவமணியின் தங்கை வீட்டுக்காரன் நாகப்பன், என் சகலை, ஈப்போவில் இருக்கிறான், அவன் இன்றைக்கு வேறு மாதிரி பேசுகிறான். நான்தான் அவளை வாரத்துக்கு மூன்று நாள் காரில் கொண்டுபோய் விட்டவன். நான்தான் குளிரில் உட்கார்ந்து காத்திருந்தவன். நான்தான் அவள் சாமான்களைப் பார்த்துக்கொண்டவன். கேட்டுக்கொண்டா செய்தேன்? அவள் கேட்கவே இல்லை. நானாகச் செய்தேன்.

அந்தப் பூட்ஸைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். வெள்ளைத் தோல், கணுக்கால் வரை. கயிறு பாதத்தில் துளைகளில் நுழையும், மேலே கொக்கிகளில் மாட்டும். அடியில் நீளமாக ஒரு எஃகு பிளேடு. அந்தப் பிளேடை எதில் பிடித்திருக்கிறார்கள் தெரியுமா? தோலில். தோல் அடியில் பத்து ஸ்குரு, முன்னால் ஆறு, பின்னால் நாலு. ஒரு மனுஷி தாண்டி வந்து ஒற்றைக் காலில் இறங்குகிற பாரம் முழுவதும் தோலில் இறங்கிய பத்து ஸ்குருவில் நிற்கிறது. முதன்முதலாகத் திருப்பிப் பார்த்தபோது நம்பாமல் இரண்டு தடவை எண்ணினேன். ரயிலில் இப்படி ஒரு இணைப்பு இருந்தால் நான் குறியே போடமாட்டேன்.

இதில் ஓட்டப்பந்தயம் எதுவும் இல்லை. பாட்டுப் போடுவார்கள், ஒருவர் மட்டும் ஐஸில் ஆட வேண்டும். சுற்ற வேண்டும், தாண்ட வேண்டும், ஒரு காலைப் பின்னால் தூக்கிக்கொண்டு வழுக்கிப் போக வேண்டும். நடுவர்கள் மார்க் போடுவார்கள். பெரியவர்களுக்கென்று தனிப் பிரிவு உண்டு. அவள் நான்கு வருஷமாக ஒரு நிமிஷம் நாற்பது வினாடி ஆட்டத்துக்குத் தயார் பண்ணிக்கொண்டிருந்தாள். வாழ்க்கையில் அவள் தன் பெயரை எழுதிக் கொடுத்த முதல் போட்டி. 2018 மார்ச் 10, சனிக்கிழமை.

அதற்கு மூன்று வாரம் இருக்கும்போதுதான் சாமான்கள் ஒவ்வொன்றாகப் பழுதாக ஆரம்பித்தன.

முதலில் பிளேடு. வலது காலுடையது. நான் வழக்கம்போல் பட்டறைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். நல்ல நாதம் தம்பி, அப்படி ஒரு எஃகு. சந்தோஷத்தில் இன்னும் இரண்டு தடவை தட்டினேன். மறுநாள் அவள் அதைச் சாணை பிடிக்கிற ஆளிடம் கொண்டுபோயிருக்கிறாள். ஆ செங் என்று பெயர், அறுபது வயதுக்காரன், அந்த ஐஸ் தரைக்குப் பக்கத்திலேயே சின்ன அறையில் கடை. பிளேடின் விளிம்பில் மூன்று இடத்தில் நசுங்கியிருக்கிறது, வெறும் தரையில் நடந்தாயா என்று கேட்டிருக்கிறான். அவள் இல்லை என்றிருக்கிறாள். வீட்டுக்கு வந்து அதை என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு அலமாரியில் இருந்த சுத்தியலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். என்ன எஃகு செய்கிறார்கள் இந்தக் காலத்தில் என்று நான் சொன்னேன்.

அப்புறம் கொக்கி. ஒன்று லேசாக ஆடுவது மாதிரி இருந்தது. குறடால் பிடித்து ஆட்டினேன். வந்துவிட்டது. இன்னொன்றையும் பார்த்துவிடலாம் என்று ஆட்டினேன், அதுவும் வந்தது. இரண்டு கொக்கி ஒரே பூட்ஸில். ஐஸ் மேல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவளுக்குச் சொல்லித்தருகிற மிஸ் யீ சின்னப் பெண், இருபத்தாறு வயது, என்னைப் பார்த்து மெதுவாக, அங்கிள், பூட்ஸ் ஆ செங் பார்த்துக்கொள்வார், நீங்கள் தவமணியைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். அவளுக்குப் பொறுப்பு என்றால் என்னவென்று தெரியாது.

ஸ்குருவை மட்டும் நான் விடவில்லை. தினம் சாயங்காலம் நாலரை மணிக்கு இருபதையும் ஒரு சுற்று பார்ப்பேன். கால் திருப்பு இறுக்குவேன். அதற்கு மேல் இல்லை, ஒரு சுற்றில் நாலில் ஒரு பங்கு. இறுக்கினால் ஒரு நாளும் நஷ்டமில்லை. ஆ செங் அவளிடம், தோல் அடி, கை இறுக்கம் போதும், மேலே போனால் துளை கெட்டுவிடும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறான். தோலில் ஸ்குரு போடுகிறவன் இறுக்கத்தைப் பற்றி எனக்குச் சொல்கிறான்.

போட்டிக்கு எட்டு நாள் இருக்கும்போது அவள் பூட்ஸ் வைக்கிற பைக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டாள். நாலு எண் பூட்டு. எங்கள் வீட்டில் இரண்டே பேர். மகள் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கிறாள். யாருக்காகப் பூட்டு என்று கேட்டேன். ஐஸ் தரையில் சாமான் தொலைகிறதாம். சரி, நல்லது, சாமான் பத்திரமாக இருக்க வேண்டும்தானே.

பூட்டு நல்ல பூட்டா என்று பார்க்க வேண்டாமா? அவள் கடைக்குப் போன நேரமாகப் பார்த்து எண்களை வரிசையாகத் திருப்பினேன். சைபர் சைபர் சைபர் சைபரிலிருந்து. எங்கள் கல்யாண நாள் இல்லை. என் பிறந்த நாள் இல்லை. மகள் பிறந்த நாளும் இல்லை. மூன்று சாயங்காலம் ஆயிற்று. ஆயிரத்து எழுநூற்று மூன்றில் திறந்தது. அது என்ன எண் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பிறகு அவள் டைரியில் ஒரு மார்ச் பதினேழில் எழுதியிருந்ததைப் பார்த்தேன், இன்று கையை விட்டு நின்றேன் என்று. அதற்கும் பூட்டுக்கும் என்ன சம்பந்தம் இருக்கப்போகிறது.

விட்டுப்போன மூன்று நாளுக்கும் சேர்த்து முக்கால் திருப்பு இறுக்கிவிட்டுப் பையைப் பழையபடி பூட்டி வைத்தேன்.

தஞ்சோங் மாலிம் தாண்டிவிட்டோமா? இந்த டிரைவர் பிரேக்கைக் கடைசியில்தான் மிதிக்கிறான், கவனித்தீர்களா? நீங்கள் வேண்டுமானால் முன் ஸீட் கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

போட்டி அன்றைக்குக் காலை ஆறு ஐம்பது. அவள் குளிக்கப் போயிருந்தாள். பை திறந்து கிடந்தது. ஆடை மடித்து வைத்திருந்தது, நீலத்தில், கழுத்தில் கல் தைத்தது. ஆடையை நான் தொடவில்லை. பூட்ஸ் கயிறை மட்டும் பார்த்தேன். ஒரு முனையைக் கதவுக் கைப்பிடியில் சுற்றி, மறுமுனையைக் கையில் சுற்றி, ஒரே இழுப்பு. வலது கயிறு அறுந்தது. ஒன்று அறுந்தால் ஜோடியும் அதே வயசுதானே. இடதையும் இழுத்தேன். அதுவும் அறுந்தது.

அவள் தலையில் துண்டோடு வந்து நின்றாள். கதவில் ஒரு துண்டு, என் கையில் ஒரு துண்டு, தரையில் இரண்டு துண்டு. நல்லவேளை, வீட்டிலேயே தெரிந்தது என்று சொன்னேன். அவள் தரையில் கிடந்ததைத் தாண்டிப் போனாள். சேலை அலமாரியைத் திறந்து, பட்டுச் சேலைகளுக்கு நடுவில் கைவிட்டு, புதுக் கயிறு ஒரு ஜோடி எடுத்தாள்.

"எப்ப வாங்குன?"

"போன மாசம்."

"எங்கிட்ட காட்டவே இல்ல?"

"காட்டுனா இந்நேரம் அதுவும் நாலு துண்டாயிருக்கும்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு மாதிரிதான் இருந்தது. கயிறு கோக்கும்போது இரண்டு தடவை துளை மாற்றிக் கோத்தாள். போட்டிப் பயம்.

எட்டு இருபதுக்கு ஐஸ் தரைக்குப் போய்ச் சேர்ந்தோம். பேரங்காடி இன்னும் திறக்கவில்லை, பின்பக்கமாக உள்ளே விட்டார்கள். ஒன்பது பெண்கள், எல்லாம் நாற்பது, ஐம்பது வயது. ஒருத்தி பல் டாக்டர். ஒருத்தி பள்ளித் தலைமையாசிரியை. கண்ணில் மினுக்குப் பூசிக்கொண்டு, ஒருவருக்கொருவர் முதுகில் ஜிப் போட்டுவிட்டுக்கொண்டு, பள்ளிக்கூட ஆண்டு விழா மாதிரி இருந்தார்கள். தவமணியைப் பார்த்ததும் நாலு பேர் கூப்பிட்டார்கள். அவளை அங்கே தவா என்று கூப்பிடுகிறார்கள். முப்பது வருஷத்தில் நான் அப்படிக் கூப்பிட்டதில்லை.

ஆ செங் எல்லோருடைய பூட்ஸையும் கடைசியாக ஒரு தடவை பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். தவமணியின் வலது பூட்ஸைத் திருப்பினான். கட்டை விரலால் பிளேடை அழுத்தினான். அப்புறம் ஸ்குரூ டிரைவரை வைத்து முன்பக்க ஸ்குரு ஒன்றைத் தொட்டான். தொட்டதுமே அது சும்மா சுற்றியது. இன்னொன்று. அதுவும் சுற்றியது. ஆறில் நாலு அப்படி. தோல் துளை உள்ளே மாவாகிவிட்டது என்று சொன்னான். அவன் அவளைப் பார்த்தான். அவள் என்னைப் பார்த்தாள். நான் ஆ செங்கைப் பார்த்தேன். தரமில்லாத தோல்.

வேறு பூட்ஸ் கிடைக்குமா என்று மிஸ் யீ ஓடினாள். தவமணி அளவுக்கு வாடகைப் பூட்ஸ்தான் இருந்தது, நீல பிளாஸ்டிக். அதில் தாண்ட முடியாது. ஆ செங் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு கட்டு சத்தே குச்சி எடுத்தான். கோழி குத்திச் சுடுகிற அதே குச்சி. கத்தியால் சீவி, பசையில் தோய்த்து, நாலு துளையிலும் அடித்து, மீதியை வெட்டிவிட்டு, அதற்குள் ஸ்குருவை விரலாலேயே மெல்லத் திருகி இறக்கினான். அப்போது எட்டு முப்பத்தைந்து. ஒரு மணி நேரம் யாரும் கை வைக்காமல் இருந்தால் பசை பிடித்துக்கொள்ளும், ஒரு நிமிஷம் நாற்பது வினாடிக்குத் தாங்கும், நாளைக்கு முறையாகச் செய்து தருகிறேன் என்றான். பூட்ஸைத் தலைகீழாகப் பெஞ்சில் வைத்தான். என் பக்கம் திரும்பி மலாயில், "ஜாங்கான் பெகாங்" என்றான். தொடாதே என்று.

முப்பத்தோரு வருஷ சர்வீஸ்காரனிடம்.

மிஸ் யீயை நடுவர்கள் கூப்பிட்டுவிட்டார்கள். ஆ செங்கிடம் இன்னும் மூன்று பேர் நின்றார்கள். தவமணி உடம்பைச் சூடு பண்ணிக்கொள்ள நடைபாதையில் ஓட வேண்டும், தலையில் பின் குத்த வேண்டும். அவள் பெஞ்சைப் பார்த்தாள், சுற்றிலும் பார்த்தாள், அப்புறம் என்னிடம் வந்தாள். ரொம்ப நாளைக்கப்புறம் என்னை நம்பி ஒன்று கொடுத்தாள் தம்பி. அதை நான் மறக்கமாட்டேன்.

"யாரும் தட்டிவிடாம பாத்துக்குங்க. பாத்துக்கிட்டாப் போதும். வேற ஒண்ணும் செய்ய வேணாங்க."

நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது நிமிஷம். அந்த முப்பது நிமிஷம் உங்களால் உட்கார்ந்திருக்க முடியுமா என்று தெரியாது. ஐஸ் தரைக்கு மேல் குளிர்ப் புகை. ஒலிபெருக்கியில் யாரோ எண் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறார்கள். எனக்கு முன்னால் கோழிக் குச்சியில் நிற்கிற நாலு ஸ்குரு. யாரும் சோதிக்கவில்லை. செய்தவன் செய்துவிட்டுப் போய்விட்டான். செய்தவன் ஒருவன், சோதிப்பவன் ஒருவன் என்றுதான் உலகம் முழுவதும் வைத்திருக்கிறார்கள். பசை பிடித்ததா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? பிடிக்காமலே அவள் ஏறிப் போனால்?

ஒன்பது ஐந்து. சட்டைப் பையில் ஸ்குரூ டிரைவர் இருந்தது. எப்போதும் இருக்கும்.

முதல் ஸ்குருவில் வைத்து லேசாக அழுத்தித் திருப்பினேன். கால் திருப்பு. சுற்றியது. கூடவே வெள்ளையாக ஒரு குச்சிச் சிம்பு மேலே வந்தது, பசை நூலாக இழுத்துக்கொண்டு. பார்த்தீர்களா, நான் சொன்னது சரிதான், பிடிக்கவில்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும். நாலாவது கொஞ்சம் முரண்டு பிடித்தது, அப்புறம் அதுவும் வந்தது. சிம்புகளை உள்ளே அழுத்தி, ஸ்குருவைப் பழைய இடத்தில் நிற்க வைத்து, நிற்கிறதா என்று பார்த்தேன். நின்றது. நின்ற மாதிரி இருந்தது.

அப்போதே எழுந்து போய்ச் சொல்லியிருக்க வேண்டும் என்கிறான் நாகப்பன். யாரிடம் சொல்வது? சொன்னால் என்ன கேட்பார்கள்? உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி நியாயமான கேள்வி இல்லை. ஆ செங் செய்தது, நான் பார்த்தது, இரண்டு ஆள் கை பட்ட வேலை. பட்டறையில் அதற்கு மேல் என்ன கேட்பார்கள்? சட்டைப் பையில் சாக்பீஸ் துண்டும் இருந்தது. பூட்ஸின் அடியில், குதிகாலுக்கும் விரலுக்கும் நடுவில் வளைகிற இடத்தில், தரையில் படாத இடம், அங்கே குறி போட்டேன். கை தானாகப் போட்டது. சொல்லப்போனால் மனசு அப்புறம்தான் நிம்மதியானது.

ஒன்பது முப்பத்தைந்து. அவள் பூட்ஸ் போட்டுக்கொண்டு தடுப்புக்கு வந்தாள். நீல ஆடை, தலையில் கல் பின். அழகாகத்தான் இருந்தாள். ஆறாவது பெண் ஐஸில் ஆடிக்கொண்டிருந்தாள். தவமணி என் பக்கத்தில் நின்று முகத்தை ஐஸ் பக்கமே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"தொட்டீங்களா?"

"பாத்துக்கிட்டு இருந்தேன்."

"அதக் கேக்கல. தொட்டீங்களான்னு கேட்டேன்."

"தொடல" என்றேன்.

பொய் இல்லை தம்பி. தொடுவது வேறு, சோதிப்பது வேறு. டாக்டர் நாடி பிடித்தால் அதைத் தொட்டான் என்று சொல்வோமா?

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் முகத்தை இல்லை. சட்டைப் பையைப் பார்த்தாள். பையில் ஸ்குரூ டிரைவரின் தலை தெரிந்துகொண்டிருந்தது. விரலில் சாக்பீஸ் தூள் இருந்ததோ என்னவோ. அப்போது அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவள் ஒரு வினாடி தடுப்பைப் பிடித்தபடி நின்றாள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்.  கையை விட்டாள், போய்விட்டாள்.

புல்லாங்குழல் பாட்டு. முதல் வளைவு, இரண்டாவது வளைவு, இரண்டு காலில் ஒரு சுற்று. பல் டாக்டர் கைதட்டினாள். தவமணி காலைப் பின்னால் தூக்கிக்கொண்டு தரையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போனாள். கையை விரித்துக்கொண்டு, யாரும் இல்லாத இடத்தில் போகிறவள் மாதிரி. நான் பார்த்தது முகத்தை இல்லை, வலது பூட்ஸை. கைக்கடிகாரத்தையும் பார்த்தேன். ஒரு நிமிஷம் எட்டாவது வினாடி அவள் இடது காலிலிருந்து எழும்பினாள். அரைச் சுற்றுத் தாண்டல். அதைத்தான் அவள் ஒரு வருஷம் பழகினாள். வலது காலில் இறங்கினாள்.

சத்தம் எனக்குத்தான் முதலில் கேட்டது. மற்றவர்களுக்குப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. சப்பென்று, மண்சட்டி மாதிரி. பிளேடு முன்பக்கம் கழன்று குறுக்கே திரும்பிவிட்டது. அவள் இடது கையை ஊன்றி விழுந்தாள்.

பாட்டை நிறுத்த அவர்களுக்கு ஆறு வினாடி ஆயிற்று. மிஸ் யீ, ஆ செங், முதலுதவிக்காரர் இரண்டு பேர் எல்லோரும் ஐஸில் ஓடினார்கள். காலைத் தூக்கி ஒருவர் மடியில் வைத்தார்கள். பூட்ஸின் அடி நேராகத் தடுப்பைப் பார்த்துத் திரும்பியது. பிளேடு தொங்குகிறது. அதற்கு மேலே வெள்ளையாக என் குறி. அது மட்டும் அழியவே இல்லை. அந்தக் குறி என்ன என்று யாருக்கும் தெரியாது, அவளையும் என்னையும் தவிர. ஆ செங் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் கட்டை விரலால் துடைத்துவிட்டான். ஏன் துடைத்தான் என்று நான் கேட்கவில்லை. 

மணிக்கட்டில் எலும்பு இரண்டு இடத்தில் போயிற்று. கோலாலம்பூரிலேயே அறுவை சிகிச்சை. தகடு ஒன்று, ஸ்குரு ஆறு. எக்ஸ்ரேயில் காட்டினார் டாக்டர், சின்னப் பையனாக இருந்தார். எவ்வளவு இறுக்கம் என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. எலும்பில் போட்ட ஸ்குரு, எவ்வளவு இறுக்கினீர்கள், யார் சோதித்தார்கள் என்று கேட்டேன். அது நிற்கும் அங்கிள் என்று சிரித்தார். சிரித்தார். அவர் கொடுத்த தாளில் கையெழுத்தும் படிக்க முடியவில்லை. பட்டறையில் கையெழுத்துப் படிக்க முடியாத சான்றிதழை நாங்கள் கிழித்துப் போடுவோம்.

வீட்டுக்குக் கூட்டி வந்தேன். சமைத்தேன், தலை சீவிவிட்டேன், எல்லாம் செய்தேன். தினம் காலையில் காப்பி குடித்ததும் கையை நீட்டச் சொல்வேன். ஒரு கையால் முழங்கைக்குக் கீழே பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் விரல்களைச் சேர்த்துப் பிடித்து, லேசாக ஒரு இழுப்பு. லேசாகத்தான். முதல் நாள் அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். இரண்டாம் நாள் கையைத் தரமாட்டேன் என்றாள். நான்தான் எடுத்துக்கொண்டேன். உள்ளே தளர்ந்திருந்தால் இன்றைக்கே தெரியட்டும் என்று அவளுக்கு எடுத்துச் சொன்னேன். பதினோரு நாள் தவறாமல் செய்தேன். பன்னிரண்டாம் நாள் நாகப்பன் காரோடு வந்து வாசலில் நின்றான்.

ஓய்வுக்கு என்றார்கள். ஈப்போவில் காற்று நல்லது, தங்கை இருக்கிறாள், நாங்கள் மாடி வீடு, அவர்கள் தரை வீடு. எனக்கும் சரியென்றுதான் பட்டது. ஒரே ஒரு பை எடுத்துக்கொண்டாள், அந்த எண் பூட்டு போட்ட பை. பூட்ஸை எடுத்துக்கொள்ளவில்லை. காரில் ஏறினவளிடம் ஜன்னல் வழியாக, இனி அந்த ஐஸ் பக்கம் போகாதே, விழுந்தாயே, போதும் என்று சொன்னேன்.

"விழறதுக்கு நான் பயப்படலங்க" என்றாள். "நாலு வருசமா விழுந்துக்கிட்டுத்தான் இருந்தேன். நீங்க சரின்னு குறி போட்டதுல ஏறி நிக்கத்தான் பயம்."

மருந்து மயக்கம். என்ன பேசுகிறோம் என்று தெரியாமல் பேசினாள். ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, ஓய்வு இன்னும் முடியவில்லை.

நான் மூன்று தடவை போய்வந்தேன். மூன்று தடவையும் வீட்டில் ஆள் இல்லை. உள்ளே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, செருப்பு இருந்தது, ஆனால் ஆள் இல்லை. வெளிக் கேட்டில் பூட்டு. இழுத்துப் பார்த்தேன். நல்ல பூட்டு. நாகப்பன் போனில், வேண்டியது ஏதாவது இருந்தால் பார்சலில் அனுப்புங்கள் அண்ணே, நீங்கள் அலைய வேண்டாம் என்கிறான். பார்சல்காரன் எப்படித் தூக்கிப் போடுவான் என்று எனக்குத் தெரியாதா?

மேலே தட்டில் இருக்கிறதே, அந்தப் பச்சைப் பை, அதில்தான் பூட்ஸ் இருக்கிறது. அடித்தோலை நானே மாற்றினேன். ஸ்குருவுக்குப் பதிலாகப் போல்ட் போட்டு, உள்பக்கம் நட்டு வைத்து இறுக்கியிருக்கிறேன். இனி ஜென்மத்துக்கும் கழலாது. உள்ளே பாதத்தில் நட்டு கொஞ்சம் உறுத்தும், பழகிக்கொள்ளலாம். அவள் மறுபடி ஐஸில் பழகுகிறாள் என்று அந்தப் பல் டாக்டர் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். எங்கே என்று மட்டும் சொல்லவில்லை. யார் பூட்ஸ், யார் பார்த்துக் கொடுக்கிறார்கள், ஒன்றும் தெரியாது.

அது என்ன ஊர், தாப்பாவா? அப்படியென்றால் முக்கால் மணி நேரம்தான். நீங்கள் ஏன் ஜன்னல் பக்கமாக நகர்ந்து உட்கார்கிறீர்கள், பெல்ட் இல்லாத ஸீட்டில் அப்படி உட்காரக் கூடாது.

இன்றைக்கு அவர்களுக்குச் சொல்லாமல்தான் போகிறேன். போன வாரம் தபாலில் ஒரு தாள் வந்தது. இன்சூரன்ஸில் அவளுடைய பழைய விலாசம்தான் இருந்திருக்கிறது, மாற்ற மறந்துவிட்டாள். மணிக்கட்டில் இருந்ததை எடுத்துவிட்டார்களாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஸ்குருவை எடுத்தால் துளை இருக்குமே தம்பி. எலும்பில் ஆறு துளை. அது தானாக நிறைந்துவிடும் என்று எழுதியிருக்கிறது. நிறைந்ததா என்று யார் இழுத்துப் பார்த்தார்கள்? அதைப் பற்றி ஒரு வரி இல்லை. கீழே கையெழுத்து வழக்கம்போல் படிக்க முடியவில்லை.

மீதியெல்லாம் தெளிவாக இருக்கிறது, எனக்கு மனப்பாடம். 2019 செப்டம்பர் 17, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று இருபதுக்கு, ஈப்போவில், தவமணியின் இடது மணிக்கட்டிலிருந்து தகடு ஒன்றும் ஸ்குரு ஆறும் எடுக்கப்பட்டன. ஆறும் தளராமல் இருந்தன.